உழக்கடா தம்பி, பாட்டுப் படுக்குது!

யாழ்ப்பாணத்தில் ஒரு இசைத்தொகுப்பு வெளிவருகிறது என்றால் முதலில் வெளிவருவது அழைப்பிதழ்தான். மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை மூன்று, வெளியீட்டுரை, மதிப்பீட்டுரை, ஏற்புரை, நன்றியுரை. நடுவில் 'முதற் பிரதி', 'சிறப்புப் பிரதி' என்று பெயர் கூப்பிடக் கூப்பிட, கடை முதலாளிமார் வரிசையாக மேடையேறி, கடித உறையைக் கொடுத்து, இறுவட்டை வாங்கி, கமராவைப் பார்த்து நிற்பார்கள். பாட்டு? அது வீட்டில் போய்க் கேட்க வேண்டியது. மண்டபத்தில் அதைப் போட்டால் மதிப்பீட்டுரைக்கு நேரம் போதாது.

எங்களைக் குறை சொல்லாதீர்கள். குடாநாட்டுக்கு எந்தப் பாட்டும் இலேசில் வந்து சேர்ந்ததில்லை. வந்துசேர்ந்ததே பெரிய காரியம் என்பதால் அதற்கு மாலை போடுகிறோம். கேட்பது இரண்டாம் பட்சம்.

இலங்கை வானொலியின் பிறப்பே அப்படித்தான். முதலாம் உலகப் போரில் பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலில் இருந்த கருவிகளைக் கழற்றி, கொழும்புத் தந்தி அலுவலகத்தில் ஒரு சிறிய அறைக்குள் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற வெள்ளைக்காரர் ஒரு ஒலிபரப்பியைப் பொருத்தினார். கிராமபோன் தட்டைச் சுழலவிட்டு அதற்குள் அனுப்பினார். 1925இல் அது முறையான ஒலிபரப்பாயிற்று. கப்பலைத் தாழ்க்கப் பிறந்த சாமான் கடைசியில் பாட்டுப் போட்டது. இந்த நாட்டில் சாமான்கள் நல்ல வழிக்குத் திரும்பிய கதை அதிகம் இல்லை. ஆகவே இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த உபகாரம் இந்தியாவிலிருந்து வந்தது. 1952இல் அங்கே ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு என்றால் வேப்பங்காய். ஆகாசவாணியில் அதற்கு அநேகமாகக் கதவை அடைத்தார். உடனே இந்தியா முழுவதும் சிற்றலையைத் திருகி இலங்கை வானொலிக்கு வந்தது. கோடம்பாக்கத்தில் பதிவான பாட்டு கொழும்புக்குப் போய், அங்கிருந்து மதுரைக்குத் திரும்பிப் போன அதிசயம் அது. 1957இல் விவித் பாரதியைத் திறந்து இந்தியா தன் பிழையைத் திருத்திக்கொண்டது. ஆனால் அதற்குள் இலங்கை வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலுக்குப் பாக்கு நீரிணையின் இரு கரையும் அடிமை. கேஸ்கருக்கு இங்கே ஒருவரும் சிலை வைக்கவில்லை. சந்திக்குச் சந்தி சிலை வைக்கிற எங்களுக்கு இது அழகில்லை.

வானொலியிலும் பாட்டு உடனே வராது. பிறந்தநாள் வாழ்த்து என்றால் அப்பா, அம்மா, அப்பப்பா, அம்மம்மா, பெரியம்மா, சின்னம்மா, கொழும்பு மாமா, மாமி, மச்சான்மார் எல்லோரும் பெயர் பெயராக வந்து போக வேண்டும். ஒரு பெயர் விடுபட்டால் அந்த வீட்டில் ஒரு கலியாணத்துக்கு ஆள் குறையும். பாட்டின் முதல் சரணம் முடிவதற்குள் செய்தி நேரமாகிவிடும்.

சினிமாவை விட்டால் எங்கள் சொந்தச் சரக்கு பொப் இசை. இதன் கதை பறங்கியரிலிருந்து தொடங்குகிறது. 1619இல் எங்கள் அரசன் சங்கிலியனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோனவர்களை 1658இல் ஒல்லாந்தர் துரத்தினார்கள். போகும்போது அவர்கள் எடுக்க மறந்தவை பாண், கதிரை, அலுமாரி, பைலா. பாணை உடனே தின்றோம். கதிரையில் உடனே இருந்தோம். பைலாவுக்கு மட்டும் முந்நூறு ஆண்டு யோசித்தோம். சங்கீத வித்துவான்கள் நிறைந்த ஊர், அவசரப்பட முடியாது.

உரும்பிராய்க்காரரான நித்தி கனகரத்தினம் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு 'சின்ன மாமியே' என்று வந்தபோது, பெரிய மாமிமார் முகத்தைச் சுளித்துவிட்டு அடுப்படியில் முணுமுணுத்தார்கள் என்று என் பெரியப்பா சொல்வார். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று அவர் புத்தி சொன்ன பாட்டை நான் அதிகம் கேட்டது தவறணை வாசலில். புத்திமதி போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' இன்னும் ஒரு படி மேல். ஒருத்திக்கு மீன் கொண்டுவந்த சங்கதி, அவ்வளவுதான். 1972இல் ஒரு அரசியலமைப்பு, 1978இல் இன்னொரு அரசியலமைப்பு எழுதி இந்த நாட்டை ஒரு மேசையில் இருத்த முடியவில்லை. மீன் பாட்டுக்குச் சிங்களவரும் தமிழரும் ஒன்றாக இடுப்பை ஆட்டினார்கள். பாட்டு முடிந்ததும் அவரவர் கதிரைக்குத் திரும்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

பிறகு றெக்கோடிங் பார் காலம். பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, கசற் ஒன்றும் கொடுத்துவிட்டு வந்தால், ஒரு கிழமையில் பதிந்து தருவார்கள். ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டும் பாதியில் அறுந்து நிற்கும். ஜேசுதாஸ் 'ஆ' என்று தொடங்குவார், நாடா முடிந்துவிடும். அந்த 'ஆ'வுக்கு மேல் அந்தப் பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று தெரியாமலே வளர்ந்த தலைமுறை நாங்கள்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் மின்சாரம் போயிற்று. பற்றரிக்குத் தடை. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் தடை. பேனா ரோச்சுக்குப் போடுகிற சின்னப் பற்றரி ஒன்று நாட்டின் பாதுகாப்புக்கே ஆபத்து என்று அரசாங்கம் நம்பியது. எங்கள் ஊர்ப் பெடியன்கள் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து இரண்டு வயரை இழுத்து றேடியோவுக்குக் கொடுத்தார்கள். ஒருவன் பெடலைக் கையால் சுற்றுவான், பத்துப் பேர் கேட்பார்கள். கசற்றைத் திருப்பிச் சுற்ற மின்சாரத்தை வீணாக்குவதில்லை. பல்லுச் சில்லுக்குள் பேனையைச் செருகிக் கிறுகிறுவென்று சுழற்றுவோம்.

1992இல் 'ரோஜா' வந்தது. சென்னையில் வந்தது என்று சொல்ல வேண்டும். எங்களிடம் வர, பாட்டு முதலில் கொழும்புக்கு வந்து, வவுனியா தாண்டி, தாண்டிக்குளத்தில் உடுப்புப் பெட்டியோடு சோதனைக்கு நின்று, சைக்கிளில் காடு கடந்து, கிளாலிக் கடல்நீரேரியில் இரவோடு இரவாகப் படகேற வேண்டும். அந்தப் படகுகளில் ஏறிய எல்லோரும் கரை சேரவில்லை.

கரை சேர்ந்த ஒரு கசற் எங்கள் ஒழுங்கைக்கு வந்த அன்று, மாமரத்தடியில் கூட்டம். எனக்குப் பதினான்கு வயது, ஆகவே பெடல் என் கையில். புது ஆள் ஒருவர் இசை, பெயர் ஏ. ஆர். ரஹ்மான் என்றார்கள். மின்மினி 'சின்னச் சின்ன ஆசை' என்று எடுத்தார். எனக்குக் கை உளைந்தது. ஆசைகள் ஒவ்வொன்றாகத் தடித்து, மின்மினி ஆம்பிளையாகி, பிறகு மேட்டில் ஏறும் லொறியானார். "உழக்கடா தம்பி, பாட்டுப் படுக்குது!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள். கையால் சுற்றுகிறவனுக்கும் அதே வசனம்தான். உழக்கினேன், மின்மினி எழும்பினார். பல்லவிக்கு ஒருவன், சரணத்துக்கு ஒருவன் என்று முறை வைத்தோம். ரஹ்மானின் தாளம் விசித்திரமானது, ஒரே பாட்டில் நாலு காலப்பிரமாணம் வைத்திருக்கிறார் என்று ஒரு மிருதங்கக்கார அண்ணை வியந்ததை நான் திருத்தவில்லை. அதில் இரண்டு என்னுடையவை.

அந்தக் கசற்றை வைத்திருந்தவர்கள் 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு எல்லோருடனும் வெளியேறினார்கள். சைக்கிள் போனது, அதில் சட்டிபானை போனது. கசற் போனதா தெரியாது. பல வருஷம் கழித்துக் கொழும்பில் ஒரு தேத்தண்ணிக் கடையில் அதே பாட்டை ஒழுங்கான மின்சாரத்தில் கேட்டேன். யாரோ கண்டபடி உழக்குகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் ஒழுங்கைகளில் சின்ன வயதில் ஓடித்திரிந்து 1986 வாக்கில் லண்டனுக்குப் போன மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்ற பெயரில் 2005இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டார். பெயர் 'அருளர்'. அது ஈரோஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான, வீட்டில் அதிகம் தங்காத அவருடைய அப்பாவின் பெயர். மகளின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. மின்னஞ்சலில் அப்பாவும் வந்தார் என்று மகளே பேட்டியில் சொல்லியிருக்கிறார். யாழ்ப்பாணத்து அப்பாவின் மதிப்பீட்டுரை சுருக்கமானது: தொகுப்பின் தலைப்பை மாற்று.

மகள் மாற்றவில்லை. 2007இல் அடுத்த தொகுப்புக்கு அம்மாவின் பெயரை வைத்தார்.