காகத்துக்கு ஓர் எக்ஸ்

ஜனவரி முதல் தேதி காலையில் காகம் கரைந்தால், காஞ்சிபுரத்தில் மற்றவர்கள், வீட்டுக்கு விருந்தாளி வரப்போகிறார் என்பார்கள். ஆண்டுப் பட்டியல்காரர் 'ஒன்று' என்பார். அத்தோடு காகத்தின் வேலை முடிந்தது. டிசம்பர் 31 நள்ளிரவுவரை அது அவர் தலையிலேயே வந்து கொத்தினாலும் கணக்கில் ஏறாது. ஓர் ஆண்டுக்குள் எத்தனை பறவையினங்களைப் பார்த்தோம் என்பதுதான் இந்தப் போட்டி. அடிப்படை விதி: ஓர் இனத்துக்கு ஒரு டிக். அடுத்த ஜனவரியில் எல்லாம் அழிந்து மறுபடி காகத்திலிருந்து தொடங்க வேண்டும். பணமுடிப்பு கிடையாது, கோப்பை கிடையாது, பொன்னாடைகூடக் கிடையாது; ஜரிகையில் பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு பொன்னாடை இல்லாத போட்டியில் ஒருவர் இறங்குகிறார் என்றால் அது பெரிய தியாகம்தான். இ-பேர்டு என்னும் உலகப் பறவைப் பதிவேட்டில், மாவட்ட வரிசையில் ஏழாம் இடத்திலிருந்து ஆறாம் இடத்துக்கு ஏறலாம், அவ்வளவே. அந்த ஒரு படிக்காக அவர் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பாலாற்று மணலில் நிற்கிறார். இந்த ஆசாமியால் பறவைக்கோ ஊருக்கோ ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்பவர்கள் அநேகம், குறிப்பாக அவர் வீட்டில். உண்டு என்பதே இக்கட்டுரையின் கட்சி. ஆனால் அவர் எதைச் சாதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாரோ, அது அந்தப் பிரயோஜனம் ஆகாது.

விதிகள் கறாரானவை. பறவை உயிரோடு இருக்க வேண்டும், யாருடைய வளர்ப்பாகவும் இல்லாமல் தன்னிச்சையாகத் திரிய வேண்டும். இதனால் காஞ்சிபுரத்தின் பிரபலமான பறவைகள் எல்லாமே தகுதி இழக்கின்றன. காமாட்சி அம்மனின் கிளி செல்லாது. குமரகோட்டத்து மயில் வாகனம் செல்லாது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு ஊரே திரண்டாலும் அந்தக் கருடன் செல்லாது. அந்நேரம் பார்த்து மேலே ஒரு செம்பருந்து வட்டமிட்டால் செல்லும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும், இவர் போனில் போட்டுக்கொள்வார். கல்யாண வீட்டில் மற்றவர்கள் கூறைப்புடவையின் ஜரிகையைக் கண்ணாலேயே எடை போடும்போது, முந்தானைக் கிளிக்குக் கழுத்தில் வளையம் இல்லையே, அப்படியானால் இது பெட்டைதான் என்று தீர்ப்புச் சொல்லுவார். கோர்வை போட்ட கரையில் இருதலைப்பட்சி வந்துவிட்டால், அதை ஒன்றென எண்ணுவதா இரண்டென எண்ணுவதா என்று பந்தி முடியும்வரை யோசிப்பார். கண்ணால் காணாவிட்டாலும் குரல் கேட்டால் போதும் என்று விதியில் ஒரு சலுகை இருக்கிறது. ஆகவே இரவில் கோபுரப் பொந்திலிருந்து கூகை அலறும்போது, தெருவே அபசகுனம் என்று முகம் சுளிக்க, இவர் ஒருவர் மட்டும் முகம் மலர்ந்து மணி பார்த்துக் குறித்துக்கொள்வார். பகலில் நெசவாளர் தெருவில் பைனாகுலரைத் தூக்கினால் மாடியில் துணி உலர்த்துகிற அம்மா சட்டென்று உள்ளே போய்விடுவார். டீக்கடைக்காரர் விசாரணையைத் தொடங்குவார். "என்ன சார், யார் வீட்டைப் பாக்கறீங்க?" "வீடு இல்லண்ணே, கேபிள் மேல பஞ்சுருட்டான்..." "கேபிள்காரரா நீங்க? எங்க வீட்ல மூணு நாளா படமே வரல சார்."

இது வெள்ளைக்காரப் பைத்தியம், நமக்கு எதற்கு என்பது முதல் ஆட்சேபம். பட்டியல் போட்டுத் தேடிப் போவது அந்நியச் சரக்கு என்று மற்ற ஊர்க்காரர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், காஞ்சிபுரத்துக்காரர் சொல்லக் கூடாது. 108 திவ்ய தேசங்களை ஒவ்வொன்றாகச் சேவித்துக் கையேட்டில் குறித்துக்கொண்டு வருகிறவர்களை இந்த ஊர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்து வருகிறது. அவற்றில் 14 இந்த நகரத்திலேயே இருக்கின்றன. அதிலும் உலகளந்த பெருமாள் கோயில் மதிலுக்குள்ளேயே ஊரகம், நீரகம், காரகம், கார்வானம் என நான்கு. ஏகாம்பரநாதர் கோயிலுக்குள் நிலாத்திங்கள் துண்டம் ஒன்று. காமாட்சி அம்மன் கோயிலுக்குள் கள்வனூர் ஒன்று. மூன்று கோயில் வாசலில் செருப்பை விட்டால் ஆறு முடிந்துவிடும் என்று திட்டம் போடும் யாத்திரிகரும், ஒரே ஏரிக்கரையில் ஆறு இனம் தேறும் என்று திட்டம் போடும் பட்டியல்காரரும் ஒரே குணத்தின் இரண்டு பதிப்புகள். திவ்ய தேசங்களில் பரமபதமும் திருப்பாற்கடலும் உடலோடு போகக்கூடிய இடங்கள் அல்ல என்பதால் கணக்கு 106-ல் நின்றுவிடும்; பட்டியல்காரருக்கும் எப்போதும் இரண்டு பறவை பாக்கி இருக்கும். யாத்திரை பக்தியால் நடப்பது, இது வீம்பால் நடப்பது என்று வித்தியாசம் சொல்லலாம். இரண்டிலும் இரண்டும் கலந்திருக்கும் என்பது கூட வந்தவர்களைக் கேட்டால் தெரியும்.

வெள்ளைக்காரர் கதையையும் முழுதாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீம்பின் வரலாறு அங்கே ஒரு நல்ல திருப்பம் எடுத்தது. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் இரு கட்சியாகப் பிரிந்து, கண்ணில் பட்ட பறவையை எல்லாம் சுட்டுக் குவித்து, எந்தக் கட்சியின் குவியல் பெரிது என்று பார்ப்பது ஒரு பொழுதுபோக்காக இருந்தது. 1900-ல் பிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்றார். அந்த ஆண்டு 27 பேர் எண்ணினார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. போட்டி புத்தியை அவர் ஒழிக்கப் பார்க்கவில்லை, துப்பாக்கியை மட்டும் பிடுங்கிக்கொண்டார். அதன் வழித்தோன்றல்கள்தான் பின்னாளைய உலகச் சாதனையாளர்கள். 2008-ல் ஒரு பிரிட்டிஷ் ஜோடி 4,341 இனங்களைப் பார்த்தது. 2015-ல் நோவா ஸ்ட்ரைக்கர் என்ற அமெரிக்கர் அந்தக் கணக்கைத் தாண்டிய இடம் நமக்குப் பக்கத்தில், கேரளத்தின் தட்டேக்காடு. தாண்ட உதவிய பறவை தவளைவாயன். பகலெல்லாம் காய்ந்த சருகுபோல அசையாமல் உட்கார்ந்து தூங்குகிற அந்தப் பிராணிக்கு, தான் உலகச் சாதனை படைத்த செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. ஸ்ட்ரைக்கர் ஆண்டு முடிவில் 6,042-ல் நின்றார். அடுத்த ஆண்டே நெதர்லாந்துக்காரரான ஆர்யன் த்வார்ஷயிஸ் 6,800-ஐத் தாண்டினார். காஞ்சிபுரத்து ஆசாமிக்கு அந்த அளவுக்கு விமானச் செலவு இல்லை. அவருடைய உலகம் தென்னேரிக்கும் உத்திரமேரூர் ஏரிக்கும் நடுவே மோட்டார் சைக்கிளில் அடங்கிவிடுகிறது.

அவர் பறவையைப் பார்ப்பதே இல்லை, பட்டியலைத்தான் பார்க்கிறார் என்பது இரண்டாவது ஆட்சேபம். இது பாதிதான் உண்மை. குளிர்காலத்தில் வேலிப்புதரில் வந்திறங்கும் கதிர்க்குருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் மங்கல் பழுப்பு, எல்லாம் விரலளவு, எதுவும் ஒரு விநாடிக்கு மேல் ஓரிடத்தில் நிற்காது. கண்ணுக்கு மேலே ஓடும் வெளிர்கோடு கண்ணோடு நின்றால் ஓர் இனம், கண்ணைத் தாண்டி நீண்டால் வேறோர் இனம். இதைத் தீர்க்க அவர் முள்வேலி ஓரத்தில் முக்கால் மணி நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். கவிஞர்கள்கூட எந்தப் பறவையையும் அவ்வளவு நேரம் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள். வாசனையும் அவரைத் தடுப்பதில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பெருங்குடிக் குப்பைமேட்டின் காற்றை முகர்ந்தபடி டிபன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிடுகிற ஒரே வர்க்கம் இது. சிக்கல், பெயர் தெரிந்த அடுத்த நொடியில் வருகிறது. பெயர் தெரிந்ததும் பைனாகுலர் இறங்கிவிடும். அந்தக் குருவி என்ன தின்கிறது, எதற்காக அந்தப் புதருக்கு வந்தது என்பதெல்லாம் அடுத்த பறவையைத் தேடிப் போகிறவருக்கு அநாவசியம்.

அவருடைய உண்மையான குறை இங்கேதான் இருக்கிறது. இனங்களை எண்ணுகிறவர் பறவைகளை எண்ணுவதில்லை. மழை நன்றாகப் பெய்து வேடந்தாங்கல் ஏரி நிரம்பிய ஆண்டில், நீரில் நிற்கும் மரங்களின் உச்சியில் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கும். பட்டியல்காரர் கணக்கில் அத்தனை ஆயிரமும் ஐந்து டிக். மறு ஆண்டு ஏரி வற்றி ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பறவை வந்தாலும் அதே ஐந்து டிக். ஆயிரத்துக்கும் ஒன்றுக்கும் வித்தியாசம் தெரியாத கணக்கு உலகத்தில் இது ஒன்றுதான். அவருடைய பதிவில் காகத்துக்கு நேரே பார்த்தால் எண் இருக்காது, 'எக்ஸ்' என்று இருக்கும். இருந்தது, எண்ணவில்லை என்று அர்த்தம். இன்னொரு கூத்து, அவர் உணர்ச்சிகள் வருவாய்த்துறை ஆணைப்படி நடப்பவை. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அந்தப் பக்கம் போயின. எந்த நாரையும் இடம் மாறவில்லை. மாவட்டப் பட்டியல் வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது சொத்துப் பாகப்பிரிவினை.

இந்தக் குறையைத் திருத்த உபதேசம் உதவாது என்பதை இ-பேர்டு நடத்துகிற கார்னெல் பறவையியல் ஆய்வகத்தார் நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2002-ல் தொடங்கிய அந்தப் பதிவேடு, நீ கேட்கும் தரவரிசையைத் தருகிறேன், பதிலுக்கு நீ பார்த்த எல்லாவற்றையும் எங்கே, எப்போது, எவ்வளவு நேரம், எத்தனை என்று எழுதிவிட்டுப் போ என்கிறது. அரிய பறவைக்கு ஆசைப்பட்டு வந்தவர் அதே கையோடு மைனாவையும் தவிட்டுக்குருவியையும் ஆள்காட்டியையும் எழுதிவிடுகிறார். அவருக்குக் குப்பையாகத் தெரிகிற அந்த மிச்ச வரிகள்தான் ஆராய்ச்சிக்காரருக்குப் பொக்கிஷம். 2023-ல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சுமார் 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதுமான தரவு 338 இனங்களுக்கு இருந்தது. அவற்றில் 204 குறைந்துவருகின்றன என்று தெரியவந்தது. அரசாங்கம் சம்பளம் கொடுத்து நாடெங்கும் இத்தனை பேரை விடியற்காலையில் எழுப்பியிருக்க முடியுமா? 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இதே தந்திரம்தான். கரும்பைக் கடித்துக்கொண்டு மொட்டைமாடியில் கால் மணி நேரம் நின்று எண்ணினாலும் அது கணக்கு.

கடினமான ஆட்சேபம் வேடந்தாங்கல் கிராமத்திலிருந்து வருகிறது. அந்த ஊர்க்காரர்கள் ஆண்டுப் பட்டியல் வைத்துக்கொண்டதில்லை. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று கண்டுகொண்டு, பறவைகளைச் சுடக் கூடாது என்று 1798-லேயே ஜில்லா கலெக்டர் லயோனல் பிளேசிடம் கவுல் என்னும் எழுத்து உறுதி வாங்கியவர்கள் அவர்கள். தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருப்பவர்களும் அவர்களே. எண்ணாமலே காப்பாற்றியவர்கள் இருக்கும்போது, காப்பாற்றாமல் எண்ணுகிறவர் எதற்கு? கேள்வி நியாயமானது; ஆனால் அது இருவருக்கும் வேலை பிரித்துக் கொடுக்கிறதே தவிர, ஒருவரைத் தேவையற்றவர் ஆக்கவில்லை. கிராமத்தாருக்குத் தங்கள் ஏரி தெரியும். அந்த நாரைகள் இரை தேடிப் போகிற மற்ற ஏரிகளும் வயல்களும் என்ன ஆயின என்பது ஓர் ஏரிக்கரையில் நின்றால் தெரியாது. 2020-ல் ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் சரணாலய எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்கலாம் என்ற யோசனை வந்து எதிர்ப்பு கிளம்பியது. வெளிவட்டத்து வயலில் எந்தப் பறவை, எந்த மாதம், எத்தனை என்று எழுதப்பட்ட கணக்கு அப்படிப்பட்ட நேரத்தில் வாதாடும். 'எக்ஸ்' வாதாடாது.

மற்ற குற்றச்சாட்டுகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பார்க்காததைப் பார்த்ததாக எழுதலாமே என்பார்கள். எழுதலாம், ஆனால் அசாதாரணமான பதிவுக்குப் படம் எங்கே, விவரம் எங்கே என்று கேட்கும் சரிபார்ப்பாளர்கள் உண்டு, பரிசில்லாத போட்டியில் பொய் சொல்பவருக்கு லாபமும் குறைவு. பெட்ரோல் வீண் என்பது உண்மை. அதைத் துக்க வீட்டுக்கும் நிச்சயதார்த்தத்துக்கும் போகிற வழியில் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி அவர் ஓரளவு ஈடுகட்டுகிறார். போனில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு, போட்டிக் குருவி வந்துவிட்டதோ என்று பதறி வெளியே வரும் பறவைக்கு டிக் போடுகிற பழக்கத்துக்கும், படத்துக்காகக் கூட்டை நெருங்குகிற பழக்கத்துக்கும் மட்டும் இந்தக் கட்டுரையில் வக்காலத்து கிடையாது. அடைகாக்கும் பறவையை எழுப்பிவிட்டு வாங்குகிற ஆறாம் இடம், ஏழாம் இடத்தைவிடக் கேவலம்.

ஆக, உங்கள் வீட்டிலோ ஆபீசிலோ இப்படி ஒருவர் இருந்தால் அவரைக் குணப்படுத்த முயல வேண்டாம். பதிலாக வேறு பைத்தியம் பிடிக்கும், செலவு இன்னும் அதிகமாகும். வீம்பைத் துளியும் குறைக்காமல், அதன் வாயை மட்டும் திருப்பிவிடலாம். ஏரியிலிருந்து திரும்பியதும் எல்லோரும் வழக்கமாக அவரிடம் கேட்பது 'இன்னிக்கு என்ன புதுசு?' என்பது. அதைக் கேட்டால் பிடிபடாத ஒரு கதிர்க்குருவியைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார், சாம்பார் ஆறிவிடும். அதற்குப் பதிலாக, தட்டில் சோறு போட்டுக்கொண்டே சாதாரணமாக 'எத்தனை காக்கா இருந்துச்சு?' என்று கேளுங்கள். திணறுவார். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை என்பதை இந்த வர்க்கத்தால் தாங்க முடியாது. மறுநாள் எண்ணிக்கொண்டு வருவார். அதற்கடுத்த நாள் மைனாவைக் கேளுங்கள். ஒரு வருஷம் விடாமல் கேட்டால் அவர் மாவட்டத்தில் ஆறாம் இடத்துக்கு வராமலே போகலாம், ஆனால் அந்த ஏரியில் எது கூடியது, எது குறைந்தது என்று தேதியோடு சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள் இருப்பார்.