காசு கொடுத்து வாங்கும் இரைச்சல்

கேள்வி: பழைய அனலாக் மிக்ஸிங் கன்சோலின் ஒலியை அப்படியே தரும் என்று பிளக்-இன் மென்பொருள் விற்கிறார்களே, நிஜமா, பம்மாத்தா?

பதில்: பாதி நிஜம். மீதி, வாங்கியவரின் காது தன் பர்ஸுக்குக் காட்டும் விசுவாசம்.

கன்சோல் செய்த இன்ஜினீயர்கள் எதையெல்லாம் ஒழிக்க ஆயுசு முழுக்கப் போராடினார்களோ, அதைத்தான் இன்று பொட்டலம் கட்டி விற்கிறார்கள்: உஸ்ஸென்ற இரைச்சல், ஒரு சானல் பக்கத்துச் சானலுக்குள் கசிவது, டிரான்ஸ்ஃபார்மர் சேர்க்கும் மெல்லிய சிதைவு. சிதைவு என்றதும் பயப்படாதீர்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலி உள்ளே போனால் 200, 300 என்று அதன் மடங்குகளும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். பேஸுக்குச் சதை பிடித்தாற்போல் இருப்பது அதனால்தான்.

அசல் கன்சோலில் இரண்டு சானல்கள் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. உதிரிபாகங்களின் மதிப்பு முன்னே பின்னே இருக்கும். பிரெய்ன்வொர்க்ஸ் நிறுவனம் எஸ்.எஸ்.எல். 4000 ஈ கன்சோலைப் பிளக்-இன்னாக நகலெடுத்தபோது 72 சானல்களுக்கும் தனித்தனிக் குணம் வைத்தது. இரைச்சலுக்கென்றே ஒரு குமிழும் வைத்தது! (இலவசமாக இரைச்சல் வேண்டுவோர் எங்கள் தெருவுக்கு வரலாம்.)

ஒரே ஒரு டிராக்கில் போட்டால் வித்தியாசம் பிடிபடுவது கஷ்டம். எல்லா டிராக்கிலும் போட்டால் கூடிக்கூடித் தெரியும். ஒப்பிடும்போது வால்யூமை மட்டும் சமமாக வையுங்கள். அரை டெசிபல் ஏறினாலே 'ஆகா, என்ன கதகதப்பு!' என்று உருகிவிடுவோம். கண்ணையும் மூடிக்கொள்ளுங்கள். திரையில் அந்தக் குமிழ்களை ரொம்ப அழகாக வரைந்திருக்கிறார்கள்.