வாக்குத்தத்தமும் மஞ்சள் அட்டையும்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் பக்கத்துச் சபைகளில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் நெரிசலைப் பார்க்க வேண்டும். எடுத்த அட்டை பிடிக்காவிட்டால் நைசாகத் தட்டிலேயே போட்டுவிட்டு வேறொன்றை உருவுகிற பெரியவர்கள் உண்டு. தலையாவாய், வாலாகமாட்டாய் என்று வந்துவிட்டால் ஃபிரேம் போட்டு மாட்டிவிடுவார்கள். எச்சரிப்பு வசனத்தை அட்டையாகப் போட்ட அச்சகத்தை மட்டும் நான் பார்த்ததில்லை. யார் வாங்குவார்கள்?

விளையாட்டுக்காரர்கள் இதில் ஒருபடி மேலே. பனியன், ஷூ, கைப்பட்டை எல்லாவற்றிலும் பிலிப்பியர் 4:13. பவுல் அதை எழுதும்போது காவலில் இருந்தார். பட்டினியும் பழகிவிட்டது, நிறைவும் பழகிவிட்டது என்று சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்யப் பெலனுண்டு என்கிறார். நியாயமாக, 5-0 என்று தோற்றுவிட்டு வந்த அணி மாட்டிக்கொள்ள வேண்டிய வசனம் அது.

1996-ல் குத்துச்சண்டையில் மைக் டைசனோடு மோத வந்த இவாண்டர் ஹோலிஃபீல்டின் அங்கியிலும் அதுதான் இருந்தது. ஜெயித்தார். 1997 மறுபோட்டியில் டைசன் அவர் காதைக் கடித்தார். நடுவர் 2 புள்ளிகளைக் குறைத்துவிட்டு ஆட்டத்தைத் தொடரவிட, டைசன் மற்ற காதையும் கடித்தார். ஒருவரையொருவர் கடித்தால் அழிந்துபோவீர்கள், ஜாக்கிரதை என்று கலாத்தியர் 5:15-ல் இருக்கிறது. அதுவரை எல்லோரும் அதை உவமை என்றே நினைத்திருப்போம்.

ஆனால் எச்சரிப்பைக் கேளாத ஓட்டக்காரன் என்றால் என் ஓட்டு ஆசகேலுக்கு. 2 சாமுவேல் 2. கிபியோன் குளத்தங்கரையில் இரண்டு படைகளும் பக்கத்துக்குப் 12 வாலிபர்களை ‘விளையாட’ இறக்குகிறார்கள். 24 பேரும் ஒன்றாய் விழுந்து சாகிறார்கள். (‘நட்பு ஆட்டம்’ என்ற அறிவிப்பை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.) பிறகு நடந்த சண்டையில் தோற்று ஒரு படையின் தலைவன் அப்னேர் ஓடுகிறான், எதிர்ப்படையின் கலைமான் கால்காரனான ஆசகேல் வலது இடது பாராமல் துரத்துகிறான். அப்னேர் பழுத்த தளபதி. திரும்பிப் பார்த்து, என்னை விடு, வேறு எவனையாவது பிடித்து அவன் ஆயுதத்தை எடுத்துக்கொள் என்கிறான். ஆசகேல் கேட்கவில்லை. உன்னைக் கொன்றால் உன் அண்ணன் யோவாப் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று மறுபடியும் சொல்லிப்பார்க்கிறான். அதற்கும் நிற்கவில்லை. இரண்டு மஞ்சள் அட்டை ஆயிற்று. ஈட்டியின் பின்முனை வயிற்றில் இறங்கியது. கால் நல்ல கால்தான். காதும், யாரும் கடிக்காமல், முழுசாகவே இருந்தது.

இதையெல்லாம் அத்தானிடம் சொன்னேன். சபை வாலிபரின் ஓட்ட அணிக்கு அவர்தான் கோச். புது பனியனில் போட ஒரு வசனம் கேட்டிருந்தார். கொரிந்து பக்கத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்ததால், அந்த ஊராருக்கு எழுதும்போது பவுல் ஓட்டம், குத்துச்சண்டை என்று மைதான பாஷையிலேயே பேசுகிறார். ஊருக்கெல்லாம் போதித்துவிட்டுத் தானே தகுதியிழந்துவிடக் கூடாதென்று சொந்த உடம்பை ஒடுக்குவதாகச் சொல்லும் 1 கொரிந்தியர் 9:27-ஐ எடுத்துக் கொடுத்தேன்.

அத்தான் வாழைக்காய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டே வாசித்தார். விடிகாலையில் பையன்களை அவர் ரோட்டில் ஓடவிடுவார். பின்னாலேயே பைக்கில் வருவார்.

“நல்ல வசனம் மாப்ள. ஆனா நெஞ்சுப் பக்கம் போடச் சொல்லு. முதுகுல போட்டா பின்னாடி வார எனக்குல்லா தெரியும்!”