தெரு மன்றத்துடையது, அடைப்பு வீட்டுக்காரருடையது

பெறுநர்: வெலிங்டன் மாநகர மன்றம், நியூசிலாந்து.
பொருள்: பொதுச்சாலைக்கு அடியில் கிடந்த தனியார் குழாய் தொடர்பாக.

வீட்டிலிருந்து தெருவின் பிரதானச் சாக்கடை வரை செல்லும் கழிவுநீர் இணைப்புக் குழாய் முழுவதும் வீட்டுக்காரருக்கே சொந்தம் என்பது மன்றம் பல ஆண்டுகள் கட்டிக்காத்த கொள்கை. நடைபாதைக்கும் தார்ச்சாலைக்கும் அடியில் ஓடும் துண்டும் அதில் அடக்கம். நடுத்தெருவில் சொத்து கிடைப்பது பெரும் பாக்கியம், பட்டாதான் கிடைக்கவில்லை.

கிடைக்கவும் வழியில்லை. 1974ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்தின் 316ஆம் பிரிவு, சாலையையும் அதன் மண்ணையும் முழு உரிமையோடு மன்றத்திடம் ஒப்படைக்கிறது. மண் மன்றத்துடையது; மண்ணுக்குள் புதைந்த குழாய் அந்தக் கொள்கைப்படி வீட்டுக்காரருடையதாக இருந்தது. அது உடைந்தால், தன் சொத்தைத் தொட அவர் மன்றத்திடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது, போக்குவரத்தைத் திருப்பிவிடச் செலவழிக்க வேண்டியிருந்தது, பள்ளத்தை மூடித் தார் போட்டும் கொடுக்க வேண்டியிருந்தது. பழைய சுட்டமண் குழாய்களின் மூட்டு வழியே மரவேர் நுழைந்து அடைத்துக்கொள்வது வழக்கம். மரம் மன்றம் நட்டதாக இருந்தால், அது தனி வழக்கு.

இத்தகைய கொள்கையை எதிர்த்து நீதிமன்றம் போகிறவரின் முதல் கேள்வி, எந்தச் சட்டப் பிரிவு இந்தக் குழாயைத் தன் தலையில் கட்டியது என்பது. கொள்கை புத்திசாலித்தனமானதா என்று உயர் நீதிமன்றம் பார்ப்பதில்லை. அதிகாரம் இருந்ததா, முறைப்படி முடிவெடுக்கப்பட்டதா, நியாயமான எந்த அமைப்பும் எடுக்கத் துணியாத முடிவா என்றுதான் பார்க்கும். இந்தக் கடைசி அளவுகோல் 1947இல் இங்கிலாந்தின் வெட்னஸ்பரி நகராட்சி மீதான வழக்கில் நிலைபெற்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் 15 வயதுக்குட்பட்டோரைச் சினிமா அரங்குக்குள் விடக்கூடாது என்ற நிபந்தனையே அதில் தேறிவிட்டது. சாக்கடைக் கொள்கைக்கு இது நல்ல சகுனம். போதாததற்கு, தனி ஒருவருக்கு வக்கீல் செலவு பள்ளம் தோண்டும் செலவை விழுங்கிவிடும். கொள்கைக்கு அமைந்த உறுதியான அரண் அந்தக் கணக்கே.

இங்கிலாந்தில் இந்த வம்பை நீதிமன்றத்துக்கு விட்டுவைக்கவில்லை. பொதுச்சாக்கடையோடு இணைந்து, வீட்டு எல்லைக்கு வெளியே கிடந்த தனியார் கழிவுக் குழாய்களை 2011 அக்டோபர் 1 அன்று விதிமுறை ஒன்றின் மூலம் தண்ணீர் நிறுவனங்களுக்கு மாற்றிவிட்டார்கள். வெலிங்டன் மன்றமும் 2021ஆம் ஆண்டின் நீண்டகாலத் திட்டத்தில் சாலைக்கு அடியிலுள்ள துண்டைத் தானே ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்பே கைக்காசைப் போட்டுத் தெருவைத் தோண்டிப் புதுக் குழாய் பதித்தவர்கள் உண்டு. அவர்கள் பதித்ததும் இப்போது மன்றத்தின் பொறுப்பில். அந்த நன்கொடைக்கு உரிய ரசீது வழங்க ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகிறது.