தார் உருகும் வசந்தம்

கேள்வி: வசந்தம் என்றால் குயில், தென்றல், பூ என்கிறார்கள். சித்திரையில் எங்கள் வேலூரில் தார் ரோடே உருகுகிறதே?

பதில்: பழந்தமிழர் உங்களை ஏமாற்றவில்லை. சித்திரை, வைகாசிக்கு அவர்கள் வைத்த பெயர் இளவேனில். வேனில் என்றாலே வெயில்தான். ஆனி, ஆடியில் வரும் முதுவேனிலுக்கு இது தங்கச்சி, அவ்வளவே. மன்மதனுக்குக்கூட வேனிலான் என்று ஒரு பெயர் உண்டு. (காதலில் வியர்ப்பது மரபுதான் போலும்.) குளுகுளு வசந்தமெல்லாம் காலண்டர் ஓவியர்களின் கைவண்ணம். மதுரையில் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்கென்றே புது மண்டபம் கட்டினார். சுற்றிலும் தண்ணீர் தேக்க அகழியும் வைத்தார். மீனாட்சிக்கும் சொக்கருக்குமே ஏர்கூலர் தேவைப்பட்டிருக்கிறது. வேலூர்க்காரர் நீங்கள் எம்மாத்திரம்?