மாஸ்க்குக்கு முன்னால் மாத்திரை

கேள்வி: கொரோனா சமயத்தில், மனச்சிதைவு நோய் உள்ள என் தம்பி மாஸ்க் போடவே மறுத்தான். கை கழுவச் சொன்னாலும் சண்டைதான். இன்னொரு தொற்று வந்தால் என்ன செய்வது?
– வாசகி, முதலிபாளையம், திருப்பூர்

பதில்: 2020-இல் பனியனை நிறுத்திவிட்டு மாஸ்க் தைத்த ஊர் திருப்பூர். அந்த ஊர்க்காரத் தம்பியின் முகத்தில் மாஸ்க் நிற்கவில்லை என்றால் அது அடம் இல்லை சகோதரி, நோய். தொற்றுக்குப் பயப்படவும் மனம் தெளிவாக இருக்க வேண்டுமே! அதற்கு மாத்திரை தவறக் கூடாது. ஊரடங்கில் பஸ் நின்றதும் பல வீடுகளில் மாத்திரையும் நின்றுபோனது. ஆகவே, டாக்டரிடம் கேட்டு ஒரு மாத மாத்திரையை எப்போதும் கையிருப்பில் வையுங்கள்.

உத்தரவு வேண்டாம். சோறு போடும் முன் கை கழுவ இருவரும் சேர்ந்தே குழாயடிக்குப் போங்கள். காதை இழுக்கும் எலாஸ்டிக் பிடிக்காவிட்டால், பின்தலையில் கட்டும் நாடா வைத்து, பழகிய பனியன் துணியிலேயே தைத்துக் கொடுங்கள்.

தடுப்பூசியை மட்டும் விட்டுவிடாதீர்கள். கொரோனா மரணத்துக்கு வயதுக்கு அடுத்த பெரிய ஆபத்து மனச்சிதைவு நோய் என்று 2021-இல் வெளியான நியூயார்க் ஆய்வு ஒன்று காட்டியது. தம்பி எதற்கும் இணங்காத நாளில் 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை அது. இலவசம், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.