எல்லாருக்கும் அவசரம்

புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அத்தனை மனுக்களின் தலையிலும் 'மிக அவசரம்' என்று எழுதியிருந்தால் எதை முதலில் எடுப்பது? லினக்ஸிலும் அதே வழக்குதான். நிகழ்நேர வேலைகளுக்கு 1 முதல் 99 வரை முன்னுரிமை எண்கள் உண்டு. மென்பொருள் எழுதுவோர் கண்ணில் படுவதோ 99 மட்டும். ஃபிஃபோ முறையில் ஓடும் வேலை தானாக ஒதுங்கும்வரை, அல்லது தன்னைவிட மேலான ஒன்று வரும்வரை, பிராசசரை விடாது. இருவருமே 99 என்றால் முதலில் உட்கார்ந்தவர் எழுந்திருக்க மாட்டார். இது தெரிந்துதான் கெர்னல் நெடுங்காலம் இவர்களுக்கு நொடிக்கு 950 மில்லிநொடி மட்டும் தந்து, மீதி 50-ஐச் சாமானியர்களுக்கு ஒதுக்கியது. அந்த வரம்பில் -1 போட்டுத் தூக்கிவிடுவதே நம்மவர்களின் முதல் வைத்தியமாக இருந்தது. மறுநொடி மெஷின் உறைந்தால் பழி லினக்ஸுக்கு.

உண்மையிலேயே அவசரமானவர் என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் திரும்பத் திரும்ப ரீபூட் ஆனது. அதில் இருந்தது லினக்ஸ் அல்ல; ஆனால் லினக்ஸுக்கும் வரக்கூடிய நோய்தான். முக்கிய வேலைக்கு எண் குறையவில்லை. அதற்கு வேண்டிய, ஒரு நேரத்தில் ஒரே வேலை பிடிக்கக்கூடிய பூட்டைக் கீழ்நிலை வேலை பிடித்திருக்க, இடைநிலை வேலை நடுவே புகுந்துகொண்டது. பூட்டு வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகத் தந்ததும் சரியானது. 2014-இல் லினக்ஸில் வந்த டெட்லைன் முறை இன்னும் கறார்: எவ்வளவு நேரம், எதற்குள் வேண்டும் என்று கேட்கும், தாங்காதென்றால் மனுவையே வாங்காது. ஆகவே எண்ணை ஏற்றுமுன், யார் எந்தப் பூட்டுக்குக் காத்திருக்கிறார் என்று பாருங்கள்.